முதுமைக்குப் பொறுப்பாளர் யார்? – இங்கிலாந்தின் உள்ளூராட்சி வரலாற்றிலிருந்து சில பக்கங்கள்

எமது பாடசாலைகளில் நடைபெறும் பேச்சுப் போட்டிகளுக்கு நடுவராகச் செல்லும் எவரும் ஒரு வாக்கியத்தை ஆண்டுதோறும் கேட்டே தீரவேண்டும். மேனாட்டார் பெற்றோரை முதியோர் இல்லங்களிலே தள்ளிவிட்டுத் தம் சுகம் நாடுபவர்கள், நாமோ தாய் தந்தையரைத் தெய்வமெனப் போற்றுபவர்கள் என்பதே அவ்வாக்கியம். மாணவர் அதனை உரத்த குரலிற் சொல்லி முடித்ததும் மண்டபம் கைதட்டும். பல ஆண்டுகள் நானும் அதற்குப் புள்ளி வழங்கியிருக்கிறேன். இன்று அவ்வாக்கியத்தை வரலாற்றின் முன் நிறுத்திப் பார்க்கலாமென எண்ணுகிறேன். அன்பு எந்த நாட்டில் மிகுதி, எந்த நாட்டிற் குறைவு என்று அளப்பது வரலாற்று மாணவனின் வேலையன்று. தள்ளாத வயதில் ஒருவருக்குச் சோறும் மருந்தும் பிடித்து நடக்க ஒரு கையும் வேண்டியிருக்கும்போது, அவற்றைக் கொண்டுவந்து சேர்க்கும் பொறுப்பைச் சமுதாயம் யாரிடம் ஒப்படைத்தது, எந்தப் பணத்தைக் கொண்டு, யாருடைய நலன் கருதி என்பனவே அவன் கேட்கவேண்டிய வினாக்கள்.

இங்கிலாந்தில் இக்கதை 1601ஆம் ஆண்டின் வறியோர் சட்டத்தோடு தெளிவான உருவம் பெறுகின்றது. அதற்கு முந்திய நூற்றாண்டில் எட்டாம் ஹென்றி மடாலயங்களைக் கலைத்திருந்தான். பொது நிலங்கள் ஆட்டு மந்தைகளுக்காக வேலியடைக்கப்பட்டு வந்தன. நிலத்திலிருந்து துரத்தப்பட்ட குடியானவர்களின் அவலத்தை மார்க்ஸ் ‘மூலதனம்’ முதற் பாகத்தில் விரிவாக எழுதியிருப்பதை இவ்வேட்டின் வாசகர்களுக்கு நினைவூட்டத் தேவையில்லை. மடத்துப் பிச்சையும் பொது நிலமும் இல்லாது போன நிலையில், ஒவ்வொரு கோயிற்பற்றும் தன் எல்லைக்குள் உள்ள முடவர், குருடர், முதியோர் ஆகியோரைத் தானே வரி திரட்டிக் காப்பாற்ற வேண்டுமென்று அச்சட்டம் விதித்தது. அத்துடன் இன்னொரு விதியும் அதிலிருந்தது. வசதியுள்ள பிள்ளைகள் வறிய பெற்றோரைத் தாமே பராமரிக்கவேண்டும், தவறினால் தண்டம். இவ்விதியை வாசகர்கள் மனத்தில் இருத்திக்கொள்ளட்டும். இறுதியில் அதனிடம் திரும்பி வருவோம்.

1834ஆம் ஆண்டில், கைத்தொழில் முதலாளி வர்க்கம் வாக்குரிமை பெற்ற இரண்டே ஆண்டுகளில், பழைய ஏற்பாடு மாற்றப்பட்டது. கோயிற்பற்றுகள் ஒன்றியங்களாக இணைக்கப்பட்டன. ஒவ்வோர் ஒன்றியத்துக்கும் பாதுகாவலர் சபை ஒன்றும், ‘வேர்க்ஹவுஸ்’ எனப்பட்ட வறியோர் வேலை இல்லம் ஒன்றும் ஏற்பட்டன. உள்ளே கிடைக்கும் வாழ்வு வெளியே உள்ள மிகக் கடைநிலைத் தொழிலாளியின் வாழ்விலும் தாழ்ந்ததாக இருத்தல் வேண்டும் என்பதே புதிய சட்டத்தின் தத்துவம். உழைக்க வலுவுள்ளோரைக் கூலிச் சந்தைக்கு விரட்டுவதற்காகப் பின்னப்பட்ட வலைதான் அது. ஆயின் அதில் அகப்பட்டவர்களுட் பலர் உழைக்கும் வலுவை ஏற்கனவே ஆலைகளிலும் வயல்களிலும் கொடுத்துத் தீர்த்துவிட்டவர்கள். கணவன் ஒரு கூடத்தில், மனைவி வேறொரு கூடத்தில். அறுபது வயது கடந்த தம்பதியரைப் பிரித்துவைக்கலாகாது என்று 1847இல் ஒரு விதி செய்யப்படும் அளவுக்கு அப்பிரிவினை கடுமையாயிருந்தது. அந்தோவர் என்ற ஊரின் வேலை இல்லத்தில், உரத்துக்காக எலும்பு இடிக்கும் வேலையில் அமர்த்தப்பட்டவர்கள் பசி தாங்காது அவ்வெலும்புகளையே கடித்துத் தின்ற செய்தி 1845இல் வெளியாகி நாட்டையே நாணச் செய்தது.

இன்னுமொரு சட்டத்தையும் சொல்லவேண்டும். 1832ஆம் ஆண்டின் உடற்கூற்றியற் சட்டத்தின்படி, வேலை இல்லத்தில் இறந்து உரிமை கோருவாரற்றுக் கிடக்கும் உடல்களை மருத்துவக் கல்லூரிகளின் அறுவை மேசைக்கு அனுப்பலாம். சாகும்வரைக்குந்தான் வறுமை என்ற ஆறுதல்கூட அந்த முதியவர்களுக்கு இருக்கவில்லை. ஆங்கிலத் தொழிலாளர் குடும்பங்கள் ஈமச்செலவுக்கென வாரந்தோறும் சில பென்சுகளைச் சேமித்து வந்தமைக்கு இந்த அச்சமும் ஒரு காரணம்.

1870கள் தொடக்கம் வீட்டிலிருந்தே பெறும் உதவிப்பணத்தை வெட்டிவிடுமாறு மத்திய அதிகாரிகள் பாதுகாவலர் சபைகளை நெருக்கினர். சோம்பேறிகளை ஒழிப்பதே நோக்கம் என்றனர். வெட்டு விழுந்ததோ கிழவிகளின் தலையில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் வேலை இல்லங்கள் நடைமுறையில் நோயாளரும் முதியோரும் அடைபட்ட இடங்களாகிவிட்டன. கப்பல் வணிகரான சார்ள்ஸ் பூத் 1890களில் கணக்கெடுத்துப் பார்த்தபோது, அறுபத்தைந்து வயதுக்கு மேற்பட்டோருள் ஏறத்தாழப் பத்துப் பேருக்கு மூவர் ஆண்டில் ஒரு தடவையேனும் வறியோர் உதவியை நாடவேண்டியிருந்தது தெரியவந்தது. இத்தனை பேரும் ஒழுக்கக் கேட்டினாலா வறியவராயினர் என்ற கேள்வியை இனி எவராலும் தட்டிக்கழிக்க முடியவில்லை.

1908ஆம் ஆண்டின் முதியோர் ஓய்வூதியச் சட்டம் இப்பின்னணியிலேயே பிறந்தது. 1909 ஜனவரி முதலாந் திகதி தொடக்கம், எழுபது வயதடைந்த வறியவருக்கு வாரம் ஐந்து சிலிங் கிடைத்தது. தொகை சிறிது, வயதெல்லையோ உயர்ந்தது, அந்த வயதுவரை வாழ்ந்த தொழிலாளர் எத்தனை பேர்? போதாக்குறைக்கு, உழைக்கக்கூடிய காலத்தில் உழைக்காது திரிந்தவருக்கு இல்லை என்ற ஒழுக்க நிபந்தனையும் இருந்தது. இருந்தும் ஓய்வூதியத்தை வழங்கிய இடம் பாதுகாவலர் சபையன்று, தபாற்கந்தோர். இது சிறு நிருவாக மாற்றமாகத் தோன்றலாம். வறியோர் உதவி பெற வேலை இல்லத்து வாயிலில் குனிந்து நின்ற கிழவி, இப்போது முத்திரை வாங்குவோருடன் ஒரே வரிசையில் நின்று தனக்குரியதை வாங்கினாள். ஃபுளோரா தொம்சன் என்ற எழுத்தாளர் அக்காலக் கிராமப்புறத் தபாற்கந்தோர் ஒன்றை நினைவுகூருமிடத்து, முதியவர்கள் பணம் கொடுத்த பெண்ணுக்குப் பூவும் பழமும் கொண்டுவந்து கொடுத்ததை எழுதியுள்ளார். அரசு தந்தது கொடையன்று, உரிமை என்பதை உணர அவர்களுக்கு இன்னும் காலம் வேண்டியிருந்தது.

அடுத்த ஆண்டு, 1909இல், வறியோர் சட்ட ஆணைக்குழுவின் சிறுபான்மை அறிக்கை வெளிவந்தது. பியாற்றிஸ் வெப் அம்மையாரும் அவருடைய கணவரும் அதனை உருவாக்கினர். கையொப்பமிட்டோருள் தொழிலாளர் தலைவர் ஜோர்ஜ் லான்ஸ்பரியும் ஒருவர். ‘வறியோர்’ என்ற ஒரு சாதியாரும் அவர்களுக்கென ஒரு தனி அதிகார சபையும் வேண்டவே வேண்டாம் என்பது அவ்வறிக்கையின் கூற்று. பிள்ளைகளைக் கல்விக் குழுவும், நோயாளரைச் சுகாதாரக் குழுவும், முதியோரை ஓய்வூதியக் குழுவும் பொறுப்பேற்க, வறியோர் சட்டம் உடைத்தெறியப்படல் வேண்டும். ஒரே குடும்பத்துக்குப் பல குழுக்கள் உதவும்போது குழப்பம் நேராதபடி எல்லாவற்றையும் பதிந்து ஒருங்கிணைக்க ஓர் அலுவலர் இருத்தல் வேண்டும். உள்ளூர் முகவர் நிலையங்களின் ஒருங்கிணைப்பு என்று இன்று நிருவாகவியலார் பேசும் பொருளுக்கு இதுவே நல்லதொரு தொடக்கம் எனலாம். வெப் தம்பதியரின் ஃபேபியன் போக்கில் அதிகாரி வர்க்கத்தின் மீது அளவுகடந்த நம்பிக்கை உண்டு என்பது எனது கருத்து. எனினும் அவர்கள் எழுப்பிய கேள்வி சரியானது.

அக்கேள்விக்கு அவர்கள் சொல்லாத இன்னொரு பாதியை லான்ஸ்பரியே பன்னிரண்டு ஆண்டுகளின் பின் வீதியில் நின்று சொன்னார். கிழக்கு லண்டனில் கப்பற்றுறைத் தொழிலாளர் வாழும் பொப்லர் பகுதியில் வறியோர் மிகுதி, வரி செலுத்தக்கூடிய சொத்து குறைவு. மேற்கு லண்டனின் செல்வப் பகுதிகளிலோ சொத்து மிகுதி, வறியோர் அரிது. உள்ளூராட்சி உள்ளூர் வறுமையைத் தன் வரியைக் கொண்டே தீர்க்கவேண்டும் என்றால், ஏழையே ஏழையைத் தாங்கவேண்டும் என்பது பொருள். 1921இல் பொப்லர் நகரசபையினர் லண்டன் மாவட்டச் சபைக்கும் பிற சபைகளுக்கும் செலுத்தவேண்டிய வரியைத் திரட்ட மறுத்தனர். லான்ஸ்பரி உட்பட முப்பது உறுப்பினர் சிறை சென்றனர். பிரிக்ஸ்ரன் சிறையினுள்ளே நகரசபைக் கூட்டமே நடந்தது. ஆறு வாரங்களின் பின் அரசு பணிந்தது. வறியோர் உதவியின் செலவை லண்டன் முழுவதும் பகிர்ந்துகொள்ளச் சட்டம் வந்தது. லான்ஸ்பரியின் மருமகளான மின்னி சிறையிலிருந்து மீண்ட சில மாதங்களில், முப்பத்திரண்டு வயதில், 1922 ஜனவரியிற் காலமானார்.

1930 ஏப்ரலில் பாதுகாவலர் சபைகள் ஒழிந்து அவற்றின் பணிகள் மாவட்ட, நகர சபைகளுக்குச் சென்றன. பெயர் மாறிற்று, கட்டடங்கள் மாறவில்லை. ஆயினும் ஒரு கட்டடத்தினுள் நிகழ்ந்ததை இங்கே குறிப்பிடாது விடலாகாது. மேற்கு மிடில்செக்ஸ் வைத்தியசாலை 1935இல் அயலிலிருந்த வேலை இல்லத்து நோயாளர் விடுதியைப் பொறுப்பேற்றபோது, எழுநூறுக்கு மேற்பட்ட நாட்பட்ட நோயாளர் டாக்டர் மார்ஜரி வொறனிடம் ஒப்படைக்கப்பட்டனர். பெரும்பாலோர் முதியோர், பலர் ஆண்டுக்கணக்காகக் கட்டிலை விட்டு இறங்காதவர்கள். எவரும் அவர்களைச் சரியாகப் பரிசோதித்திருக்கவில்லை. வொறன் ஒவ்வொருவரையும் தனித்தனியே பரிசோதித்து வகைப்படுத்தினார். சுவர்களுக்கு வண்ணம் தீட்டுவித்தார், கைப்பிடிகள் பொருத்துவித்தார், எழுந்து நடக்கப் பழக்கினார். படுத்த படுக்கையென எழுதிவைக்கப்பட்டவர்களுட் பலர் எழுந்தனர். சிலர் வீடு திரும்பினர். முதுமை வேறு, நோய் வேறு என்பதை இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஒருவர் நிரூபித்துக் காட்டவேண்டியிருந்தது.

பின்னர் போர். குண்டுவீச்சில் காயமடைவோருக்காகக் கட்டில்களை ஒழிக்கவேண்டி, 1939இல் முதிய நோயாளர் ஆயிரக்கணக்கில் வைத்தியசாலைகளிலிருந்து அனுப்பப்பட்டனர். எங்கே செல்வார்கள்? அவர்களின் நிலை நடுத்தர வர்க்கத்தாரின் கண்களிலும் பட்டது அப்போதுதான். 1938இல் விமானத் தாக்குதற் காலப் பணிக்கெனத் தொடங்கிய பெண்கள் தொண்டர் சேவையினர், 1943 அளவில் வீட்டைவிட்டு வெளியேற இயலாத முதியோருக்குச் சூடான உணவை வண்டியிற் கொண்டுசெல்லத் தலைப்பட்டனர். பிரசவித்த தாய்மாருக்கெனத் தொடங்கிய வீட்டுதவியாளர் சேவை 1944இல் முதியோருக்கும் விரிந்தது. கூட்டுவதற்கும் சமைப்பதற்கும் கடைக்குச் சென்று வருவதற்கும் உள்ளூராட்சிச் சபையே சம்பளங் கொடுத்து ஒரு பெண்ணை அனுப்பியது.

1948 யூலை 5ஆந் திகதியைப் பிரித்தானியத் தொழிலாளர் இயக்கம் இன்றும் பெருமையுடன் நினைப்பதில் வியப்பில்லை. தேசிய சுகாதார சேவை, தேசிய காப்புறுதி, தேசிய உதவிச் சட்டம் மூன்றும் அன்றே நடைமுறைக்கு வந்தன. பழைய வறியோர் சட்டம் செல்லுபடியாகாது என்பதே உதவிச் சட்டத்தின் முதற்பிரிவு. 347 ஆண்டுக்காலச் சங்கிலி அன்று அறுந்தது. பெற்றோரைப் பிள்ளைகள் பராமரிக்கவேண்டும் என்ற சட்டக் கட்டாயமும் அதனுடன் நீங்கியது. வயதாலும் தளர்வாலும் கவனிப்பு வேண்டியோருக்கு உள்ளூராட்சிச் சபைகள் இல்லம் அமைக்கவேண்டும் என்றது புதிய சட்டம். அவ்வில்லங்களில் முதியவர் விடுதியொன்றின் விருந்தினர்போல் இருக்கவேண்டும் என்பது அமைச்சர் அனியூரின் பெவானின் எண்ணம். ஓய்வூதியம் வாரம் 26 சிலிங். அதில் 21 சிலிங் இல்லத்துக்கு, எஞ்சிய 5 சிலிங் முதியவரின் கைக்கு. புகையிலையும் பேரப்பிள்ளைக்கு இனிப்பும் வாங்க அந்த ஐந்து சிலிங். யாரிடமும் கேளாமற் செலவிடக்கூடிய பணம் ஒருவரை மனிதராக வைத்திருக்கிறது என்பதைச் சுரங்கத் தொழிலாளியாயிருந்த பெவான் அறிந்திருந்தார் போலும்.

இவ்வளவும் நன்று. ஆனால் அதே 1948ஆம் ஆண்டின் ஏற்பாட்டை ஒரு கிழவியின் வாசற்படியில் நின்று பார்ப்போம். அவள் விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. வைத்தியசாலை மத்திய அரசின் பிராந்தியச் சபைக்குரியது. வீடு திரும்பியதும் புண்ணுக்குக் கட்டுப்போடும் தாதியும் வீட்டுதவியாளரும் மாவட்டச் சபையின் சுகாதாரக் குழுவினர். இனித் தனியே இருக்க இயலாதென்றால், இல்லத்தில் இடம் கொடுப்பது அதே சபையின் நலன்புரிக் குழு. படியேற இயலாததால் கீழ்மாடியில் ஒரு வீடு வேண்டுமானால் வேறொரு சபையின் வீடமைப்புக் குழு. ஓய்வூதியம் போதாவிட்டால் தேசிய உதவிச் சபையின் கிளைக் கந்தோர். மதிய உணவு தொண்டர் சேவை. இதிலொரு விந்தை: உள்ளூராட்சிச் சபை தானே உணவு சமைத்து வீடுகளுக்கு அனுப்பச் சட்டத்தில் இடமிருக்கவில்லை. தொண்டர் அமைப்புக்குப் பணம் கொடுக்கலாம், அவ்வளவே. அத்தடை நீங்க 1962 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. தொண்டர் உள்ள ஊரில் வாரம் இரு நாள் சோறு. இல்லாத ஊரில் இல்லை. இவையெல்லாவற்றிலும் ஆழமான பிளவு ஒன்றுண்டு. வைத்தியசாலைக் கவனிப்பு இலவசம். சபையின் இல்லமோ வருமானம் பார்த்துக் கட்டணம் அறவிடுவது. ஆகவே ஒரு முதியவர் ‘நோயாளி’யா ‘தளர்ந்தவரா’ என்ற கேள்வி மருத்துவக் கேள்வியாக நிற்கவில்லை. எந்தப் பணப்பெட்டி திறக்கவேண்டும் என்ற கேள்வியாயிற்று. இரு தரப்பாரும் கிழவியை மற்றவரிடம் தள்ளினர்.

இதனை எழுதும்போது எம் அயலில் தனியே வாழும் ஆச்சி ஒருவரின் நினைவு குறுக்கிடுகின்றது. கடந்த ஆண்டு அவருடைய உதவிப்பணம் சம்பந்தமான ஒரு தாளைச் சரிசெய்ய அவருடன் மூன்று கந்தோர்களுக்கு நான் சென்றேன். மூன்றாவது கந்தோரின் வாங்கில் இருந்தபடி அவர் சொன்னார்: “தம்பி, ஒவ்வொரு கந்தோரிலையும் நல்ல பிள்ளையள்தான் இருக்குதுகள். ஆனா எல்லாரும் மற்றக் கந்தோரைத்தான் காட்டுதுகள்.” ஒருங்கிணைப்பின்மையைப் பற்றி இதனினும் சுருக்கமான விளக்கத்தை நான் நூல்களிற் கண்டதில்லை.

இக்காலத்தில் பீற்றர் ரவுண்சென்ட் என்ற இளம் சமூகவியலாளர் இரண்டு நூல்களை எழுதினார். 1957இல் வெளிவந்த முதலாவது நூல், கிழக்கு லண்டனின் பெத்னல் கிறீன் பகுதியில் வாழ்ந்த முதியோரின் குடும்ப வாழ்வை ஆராய்வது. நலன்புரி அரசு வந்தமையாற் பிள்ளைகள் பெற்றோரைக் கைவிட்டனர் என்ற அன்றைய புலம்பலை அது தகர்த்தது. அம்முதியோருட் பெரும்பாலோருக்கு மகளோ மகனோ நடந்து செல்லும் தூரத்திலேயே இருந்தனர்; அன்றாடம் வந்துபோயினர்; துணி துவைத்தனர்; மாறாக முதியவர்கள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டனர். சட்டக் கட்டாயம் நீங்கிய பின்னரும் உறவு நீங்கவில்லை. எம் பேச்சுப் போட்டி மாணவர் இந்நூலைப் படித்தால் நலம், நடுவர்களும் படிக்கலாம். 1962இல் வந்த இரண்டாவது நூலுக்காக நாடெங்கும் 173 இல்லங்களுக்கு அவர் நேரிற் சென்றார். பெவானின் விடுதிகளைத் தேடிச் சென்றவர் கண்டது, பெயர்ப்பலகை மாற்றப்பட்ட பழைய வேலை இல்லங்களை. நெருக்கமாக இடப்பட்ட கட்டில்கள், தனக்கென ஓர் அலுமாரியும் இல்லாத முதியவர்கள், நாள்முழுதும் சுவரோரம் வரிசையாக இருக்கும் மௌனம். அங்கு வந்து சேர்ந்தோருட் பலர் உறவினரற்றவர்கள் அல்லது வீடற்றவர்கள். வீட்டிலேயே சிறிது உதவி கிடைத்திருந்தால் வந்திருக்கவே மாட்டார்கள் என்பதே அவருடைய முடிவு.

இதன்பின் அறிக்கைகளும் சீர்திருத்தங்களும் தொடர்ந்தன. விரைவாகச் சொல்கிறேன். 1968இல் சீபோம் குழு, ஒரே கதவைத் தட்டினால் போதும் என்ற நிலை வேண்டுமென்றது. 1970ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி ஒவ்வொரு சபையிலும் சமூக சேவைத் திணைக்களம் ஒன்று அமைந்தது. இல்லமும் வீட்டுதவியாளரும் ஒரே கூரையின்கீழ் வந்தனர். 1974இல் வீட்டுத் தாதியரைச் சுகாதார சேவை எடுத்துக்கொண்டது. ஒரு பக்கம் தைத்த துணி மறுபக்கம் கிழிந்தது. அக்கிழிசலைத் தைக்கக் கூட்டுக் குழுக்களும், 1976இல் கூட்டு நிதியும் வந்தன.

தச்சர் அம்மையாரின் ஆட்சியில் நடந்ததைச் சற்று நின்று பார்க்கவேண்டும். தனியார் இல்லத்திற் சேரும் வறிய முதியவரின் கட்டணத்தை அரசின் சமூகப் பாதுகாப்பு நிதி செலுத்தலாம் என 1980களின் தொடக்கத்தில் விதி தளர்த்தப்பட்டது. வீட்டிலிருக்க உதவி கேட்டால் சபையிடம் பணமில்லை. தனியார் இல்லத்திற் சேர்ந்தாலோ அரசு எவரையும் ஆராயாது பணம் கொடுத்தது. 1979இல் ஒரு கோடி பவுணாக இருந்த அச்செலவு 1989இல் நூறு கோடி பவுணைத் தாண்டியது. கடற்கரை ஊர்களின் வெறுமையான விருந்தினர் விடுதிகள் முதியோர் இல்லங்களாயின. முதுமை ஒரு சந்தையாயிற்று. வழி காட்டுமாறு அரசு கேட்டது பல்பொருள் அங்காடி நிறுவனமொன்றின் பணிப்பாளரான றோய் கிறிவ்வித்ஸ் என்பவரை. 1988இல் அவர் கொடுத்த அறிக்கையில் ஒரு நல்ல அம்சமும் இருந்தது: பொறுப்பு உள்ளூராட்சிச் சபைக்கே உரியது, பணமும் அதனிடமே செல்லவேண்டும் என்றார். 1990ஆம் ஆண்டுச் சட்டம் 1993 ஏப்ரலில் முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, சபைக்கு மாற்றப்பட்ட அந்த நிதியில் நூற்றுக்கு 85 பங்கைச் சபைக்கு வெளியேயுள்ள சேவைகளிலேயே செலவிடவேண்டும் என்ற நிபந்தனை ஒட்டிவைக்கப்பட்டது. ஒருங்கிணைப்பாளன் இனித் தானே சேவை செய்பவனல்லன், கொள்வனவாளன். 1993இல் இங்கிலாந்தின் வீட்டுக் கவனிப்பில் நூற்றுக்கு 95 பங்கைச் சபைகளே நேரடியாக வழங்கின. 2012இல் அது 11 பங்கு. கேள்விப்பத்திரத்தில் குறைந்த விலை கேட்டவருக்கே ஒப்பந்தம். பதினைந்து நிமிடத்தில் ஒரு முதியவரை எழுப்பிக் கழுவி உணவூட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடும் பெண்ணுக்குப் பல இடங்களில் வழிப்பயண நேரத்துக்குக் கூலியும் இல்லை. 2011இல் சதேர்ண் குறொஸ் என்ற கம்பனி சரிந்தபோது, அதன் ஏறத்தாழ 750 இல்லங்களில் 31,000 முதியோர் இருந்தனர். அக்கம்பனி இல்லக் கட்டடங்களை விற்று வாடகைக்கு எடுத்திருந்தது. வாடகை கொடுக்க இயலாது போயிற்று. அவர்களை எங்கே வைப்பது என்ற கேள்வி மறுபடியும் உள்ளூராட்சிச் சபைகளின் வாசலுக்கே வந்தது.

ஸ்கொத்லாந்து 2002 தொடக்கம் முதியோருக்கான உடற்கவனிப்பை இலவசமாக்கியது. பக்கத்து இங்கிலாந்தில் அஃது இயலாத காரியம் என்றனர். 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டத்தில் எழுதப்பட்ட, ஒருவர் வாழ்நாளிற் செலுத்தவேண்டிய கவனிப்புச் செலவுக்கான உச்சவரம்பு பன்முறை பிற்போடப்பட்டு, 2024இல் தொழிலாளர் கட்சி அரசாலேயே கைவிடப்பட்டது. பெவானின் கட்சிதான் அது.

ஈழத்துக்கும் இவ்வரலாற்றுக்கும் உள்ள தொடர்பு கற்பனையன்று. தன் நாட்டில் வறியோர் சட்டம் சாகுந் தறுவாயில் இருந்தபோது, 1939இல், குடியேற்ற ஆட்சியின் கீழிருந்த இலங்கையில் வறியோர் கட்டளைச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. கொழும்பு, கண்டி, காலி மாநகரசபைகளுக்கே அது ஏற்புடையதாயிற்று. யாழ்ப்பாணத்துக் குடிசைக்கும் மலையகத்து லயன் அறைக்கும் அதனாற் பயனில்லை. 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் தேசிய முதியோர் சபையையும் செயலகத்தையும் ஏற்படுத்தியது, அது முன்னேற்றமே. அதே சட்டத்தில் பராமரிப்புச் சபை ஒன்றும் உண்டு. தம்மைத் தாமே பராமரிக்க இயலாத பெற்றோர், வசதியுள்ள பிள்ளைகளிடமிருந்து பராமரிப்புப் பணம் கோரி அதன்முன் விண்ணப்பிக்கலாம். 1601இன் விதியை நாம் மீண்டும் சந்திப்பது இங்கேதான்.

அந்த மூன்றாவது கந்தோரில், உதவிப்பணம் தாமதமாகுமென்று கூறிய அலுவலர், வெளிநாட்டிலுள்ள மகனுக்கெதிராக அச்சபைக்கு எழுதலாமென்று ஆச்சிக்கு நல்ல மனத்துடனேயே ஆலோசனை சொன்னார். படிவத்தை நிரப்ப நான் பேனாவையும் எடுத்தேன். ஆச்சி தாளை மடித்துப் பையில் வைத்தார். மகன் ஏசென்சிக்காரனுக்குக் கொடுத்த கடனை இன்னும் கட்டிமுடிக்கவில்லை என்றும், அவன்மீது முறைப்பாடு எழுதிச் சோறு தின்னத் தன்னால் முடியாதென்றும் சொன்னார். அடுத்த மாதம் முதற்கிழமை மீண்டும் வருமாறு கூறினார்கள். சென்றோம்.